இரண்டாவது டிரைவர்

என் தங்கை கௌசல்யாவுக்குத் தூங்குவதுதான் உத்தியோகம். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பிறகு முடியாது. அவள் மகள் யாழினியிடம் பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "தூங்கறாங்க மிஸ்" என்றிருக்கிறது குழந்தை. வகுப்பே சிரித்திருக்கிறது. "இல்ல மிஸ், நெசமாலுமே அதுதான் வேலை. அடையாள அட்டையெல்லாம் இருக்குது" என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டு வந்தது.

அட்டை இருந்தது உண்மைதான். கௌசல்யாவின் படத்துக்குக் கீழே 'இரண்டாவது ஓட்டுநர்' என்று அச்சடித்திருந்தார்கள். அவளுக்கு ஸ்கூட்டியைக்கூட நேராக ஓட்டத் தெரியாது.

நான் சம்பூர்ணம். சங்ககிரி லாரிப்பேட்டையில் தார்ப்பாய் தைக்கும் கடை என்னுடையது. லாரிக்காரர்களைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கிளீனர் என்று ஒருவன் வண்டியில் கூடவே போய்க்கொண்டிருந்த காலத்தையும் பார்த்தேன், செலவு என்று அவனை இறக்கிவிட்ட காலத்தையும் பார்த்தேன். ஆளே இல்லாமல் ஓடும் லாரி வரப்போகிறது என்றார்கள். அதுவும் வந்தது. எதிர்த்திசையில் வந்த டிராக்டரையும், நடுரோட்டில் படுத்திருந்த எருமையையும் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. மறுபடியும் மனிதனைத்தான் தேடினார்கள், ஆனால் தூங்காத மனிதனை.

தூங்காமல் ஓட்டித்தான் வாரத்துக்கு ஒருவன் செத்துக்கொண்டிருந்தான். அதனால், தொலைதூரம் போகிற ஒவ்வொரு லாரிக்கும் இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் ஓட்டினால் ஒருவர் தூங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் அந்த இரண்டாவது டிரைவர் எங்கே தூங்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். நவநீதன் வேலை பார்த்த ரோடுலைன்ஸ் கம்பெனி அந்த ஓட்டையில் முழு லாரியையே ஓட்டிவிட்டது.

நவநீதன் கௌசல்யாவின் புருஷன். எங்கள் அத்தை மகன்தான், நான் இடுப்பில் தூக்கித் திரிந்தவன். அதனால் எனக்கு அவன் 'வா, போ'தான். ஒரு நாள் கடைக்கு வந்து, துணியில் செய்த நாடா போல இரண்டு பட்டைகளைத் தையல் மிஷின் மேல் வைத்தான்.

"அக்கா, இதுல ஒண்ண நான் தலையில கட்டிக்குவேன். இன்னொண்ண கவுசி வீட்டுல கட்டிக்குவா. வண்டி ஓட்டறப்ப எனக்கு வர்ற களைப்பெல்லாம் போன் வழியா அவளுக்குப் போயிரும். அவ படுத்துத் தூங்குனான்னா எனக்குத் தெளிஞ்சிரும்."

"அவ சாப்புட்டா உனக்கு வயிறு நெறையுமா?"

"அதுக்கு இன்னும் கண்டுபுடிக்கலீங்க்கா" என்று சிரித்தான்.

"ரெண்டு பட்டையும் ஒரே மாதிரி இருக்குதே. எது உன்றது, எது அவளுது?"

"ரெண்டும் ஒண்ணுதான். பக்கத்துல சின்னப் பொத்தான் இருக்குது பாருங்க. இப்படித் தள்ளுனா களைப்பு வெளிய போவும். அப்படித் தள்ளுனா உள்ள வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தங்கை நூல் குடோனில் நாலு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தவள். வெள்ளிக்கிழமை படம் வந்தால் முதல் காட்சியில் இருப்பாள். அவளைப் படுக்கப் போடுவதற்கு ஒரு கருவியா? நேராக வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவள் நிதானமாக அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "போன வருஷம் மாமா கண்ணசந்து, நின்னுட்டிருந்த வண்டி பின்னால கொண்டு போய் உட்டாரே, நெனப்பிருக்குதா? அந்த வண்டிக்குப் பின்னால லைட்டும் இல்ல. கேபின்ல எடது பக்கம் பூராவும் போயிருச்சு. அங்க ஒக்கார ஆளில்லாததால தப்புச்சுது. அன்னைலருந்து அவரு வண்டி ஏறுனா நான் தூங்கறதில்லக்கா. ராப்பகலா போனப் பாத்துட்டுக் கெடக்கறேன். நான் முழிச்சிருந்து அவருக்கு என்ன ஆச்சு? தூங்குனா அவரு பொழைப்பாருங்கறாங்க, தூங்கிட்டுப் போறேன்."

அவள் கையிலிருந்த அரிசியை வாங்கி நானே அடுப்பில் ஏற்றினேன். பிறகு கடைக்குத் திரும்பிவிட்டேன்.

முதல் மாதங்களில் நன்றாகத்தான் இருந்தது. நவநீதன் தெளிந்த முகத்தோடு வந்து இறங்கினான். கௌசல்யா கூடுதலாகக் கொஞ்சம் தூங்கினாள், அவ்வளவுதான். பட்டை கட்டிய வண்டிகள் எதுவும் போய் மோதவில்லை என்று பேப்பரில் போட்டார்கள். அதைப் படித்த முதலாளிகள் சும்மா இருப்பார்களா? டிரைவருக்குத்தான் தூக்கமே வராதே, பிறகு எதற்கு நாக்பூருக்கு அத்தனை நாள் என்று கேட்டார்கள். கெடுவைப் பாதியாகக் குறைத்தார்கள். திரும்பி வந்து இறங்கிய அன்றே அடுத்த லோடு ஏற்றினார்கள். அவன் எவ்வளவு கூடுதலாக ஓட்டினானோ, அவள் அவ்வளவு கூடுதலாகப் படுத்தாள்.

நான் கடையை என் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் விட்டுவிட்டுப் பகலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். யாழினி தனக்குத் தானே சடை பின்னக் கற்றுக்கொண்டது. வகிடு கோணல்மாணலாக இருக்கும், பார்க்க எனக்கு அழுகை வரும். கௌசல்யா தூக்கத்தில் முனகுவாள். களைப்போடு சேர்ந்து கொஞ்சம் ரோடும் அவளுக்குள் வந்துவிடும் போலிருக்கிறது. "பாலம்... மேடு..." என்பாள். திடீரென்று, "லைட்ட டிம் பண்ணுடா!" என்று யாரையோ திட்டுவாள். அவளுடைய சொந்தக் கனவு எதையும் நான் கேட்கவில்லை. நவநீதன் வண்டியை நிறுத்திப் பட்டையைக் கழற்றினால் அரை மணிக்குள் எழுந்து, "டீ வெச்சுக் குடுக்கா" என்பாள். அந்த டீக்காக நான் காத்துக்கொண்டிருப்பேன்.

அன்று அவள் எழுந்திருக்கவில்லை.

நவநீதன் நாக்பூரில் சரக்கு இறக்கிவிட்டு, பட்டையைக் கழற்றிவிட்டுப் போன் செய்தான். நான் எழுப்பினேன். உலுக்கினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கை கால் துணி மாதிரி தொங்கியது. ஆம்புலன்ஸ் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனோம். அவன் லாரியைக் குடோன் வாசலிலேயே விட்டுவிட்டு விமானம் பிடித்து மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தான்.

டாக்டர் பர்வீன் எங்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொன்னார். "இவங்க உடம்பு தாங்கற அளவுக்கு மேல தூக்கம் ஏறியிருக்கு. நாடித்துடிப்பு இறங்கிட்டே போகுது. இப்படியே விட்டா மூச்சுவிடறதுக்குக்கூட உடம்பு முழிக்காது."

"பட்டையக் கழட்டிறலாமுங்களா?" என்றேன்.

"கழட்டினா இவங்க பிழைச்சுக்குவாங்க. ஆனா, இன்னும் தூங்கித் தீராத களைப்பு எல்லாம், கொடுத்தவர் பட்டை கட்டியிருந்தாலும் இல்லைன்னாலும், அந்த நிமிஷமே அவருக்குத் திரும்பிப் போயிடும். அவர் நின்னுட்டு இருந்தா நின்ன இடத்துலயே விழுவார்."

"நாந்தானுங்க. நான் கீழ படுத்துக்கறேன், கழட்டுங்க" என்று நவநீதன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் பட்டையில் கை வைத்தேன். அப்போது கௌசல்யா முனகினாள்.

"மழ... வளைவு... எதுக்கால பஸ்சு வருது..."

என் கை நின்றுவிட்டது. வெளியே வெயில் கொளுத்துகிறது. நவநீதன் என் காலடியில் உட்கார்ந்திருக்கிறான், அவன் தலையில் பட்டையும் இல்லை.

"நவநீதா, நீ இங்க ஒக்காந்திருக்கற. இவ யாரு லாரியில போயிட்டிருக்கறா?"

அவன் மெதுவாகச் சொன்னான்.

நாக்பூர் போகிற வழியில், ஆதிலாபாத் பக்கத்தில் அவனுக்கு முன்னால் உப்பு ஏற்றிய ஒரு லாரி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்துகொண்டு போயிருக்கிறது. ஹாரன் அடித்து நிறுத்தியிருக்கிறான். ஓட்டி வந்தவன் தூத்துக்குடி இருதயராஜ். அவன் மனைவி ஜெனிட்டாவுக்குப் பிள்ளை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எப்படி அவனுக்காகத் தூங்குவாள்? லீவு கேட்டிருக்கிறான், கம்பெனி தரவில்லை. கண்ணுக்குள் மிளகாய்ப்பொடியைத் தேய்த்துக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறான்.

"பாத்துட்டு எப்படிக்கா போறது?" என்றான் நவநீதன். "ரோட்டுல ஒருத்தன் பஞ்சராகி நின்னா நம்ம ஸ்டெப்னியக் கழட்டிக் குடுத்துட்டுத்தான போவோம்? பேரு, ஊருகூடக் கேக்க மாட்டோம். என்னைக்காவது ஒரு பேட்டையில திரும்பி வந்துரும். அப்படித்தான் கவுசி பட்டையோட நெம்பரச் சொல்லிட்டேன். ஒரு நாளைக்குன்னுதான் சொன்னேன்."

"ஸ்டெப்னி உன்றது. தூக்கம் அவளுது. அவளக் கேட்டியா?"

"தூங்கிட்டிருந்தாளே அக்கா."

எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறான். ஆனால் அவன் அதை உடைக்காமல் போயிருந்தால், அந்த இருதயராஜ் இன்றைக்கு எந்தப் பள்ளத்தில் கிடப்பானோ!

டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். "ரெண்டு பேர் களைப்பு மட்டும் இந்த அளவுக்கு வராது. அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

இருதயராஜ் எடுத்தான். ஒரு மலைப்பாதையில் மழைக்குள் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னான். நவநீதன் விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே... நான் ஒரு பயலுக்கு நம்பரக் கொடுத்தேன். வழியில ஒரு டீக்கடையில வச்சு. அவன் பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு அழுதாம்ணே. அவன் யாருக்கும் கொடுத்தானான்னு தெரியல."

அவன் கொடுத்திருந்தான். வாங்கியவனும் இன்னொருவனுக்குக் கொடுத்திருந்தான். அத்தனை பேரும் நல்லவர்கள், கஷ்டப்பட்டவனைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போக முடியாதவர்கள். அந்த நல்லவர்கள் எல்லாருடைய பாரமும் என் தங்கை தலைமேல் இறங்கியிருந்தது. நவநீதனையும் சேர்த்து ஐந்து டிரைவர்கள், அதில் நாலு பேர் அந்த நேரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டையைக் கழற்றினால் நாலு லாரிகளும் ஒரே நொடியில் ஆளில்லாத லாரிகள். கழற்றாவிட்டால் கௌசல்யா போய்விடுவாள்.

"எல்லாரையும் ஓரங்கட்டச் சொல்லு" என்றேன்.

சொல்வது சுலபம். நவநீதன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். முதல் ஆள் டோல்கேட்டைத் தாண்டி நிறுத்தினான். இரண்டாவது ஆள் ஓரங்கட்டியதுமே போலீஸ் வந்து வண்டியை எடுக்கச் சொல்லித் தட்டியிருக்கிறது. ஒரு மைல் தள்ளிப் பெட்ரோல் பங்க்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உள்ளே விட்டான். நாடு முழுக்க ரோடு போட்டவர்களுக்கு, ஓட்டுகிறவன் நிறுத்திப் படுக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்றாவது ஆள் ஒரு கோயில் மைதானத்தில் நிறுத்தினான். இருதயராஜ்தான் மலையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்ணே. பின்னாடி பஸ்ஸு வருது. நிறுத்துனா மோதிரும். அடிவாரத்துக்குப் போயிருதேன், அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க."

பொறுத்துக்கொண்டோம். டாக்டர் கௌசல்யாவின் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "சீக்கிரம்" என்று மட்டும் அவ்வப்போது சொன்னார். என் தங்கை ஒவ்வொரு வளைவாக முனகிக்கொண்டே மலை இறங்கினாள். யாரென்றே தெரியாத ஒருவனுடைய உயிருக்காக என் கூடப்பிறந்தவளைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் கழற்றக் கை வரவில்லை. அவனுக்கும் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள் அல்லவா?

"நிறுத்திட்டம்ணே. சாவி எடுத்தாச்சு" என்றான் இருதயராஜ்.

நான் பட்டையில் விரல் வைத்தேன். கௌசல்யா மறுபடியும் முனகினாள். ஆனால் இந்தத் தடவை ரோடு இல்லை.

"அழக்கூடாது சாமி... தண்ணி சூடா இல்ல... கண்ண மூடிக்க, கண்ண மூடிக்க..."

"யாழினிய நெனச்சுக்கறா" என்று நவநீதன் விம்மினான். "கழட்டுங்க அக்கா."

யாழினிக்கு வயது ஒன்பது. அதைக் குளிப்பாட்டி எத்தனை காலம் ஆயிற்று! இந்தப் பட்டை வந்த நாளிலிருந்து அவள் தன் கனவைக் கண்டதே இல்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும். போனை அவன் கையிலிருந்து பிடுங்கினேன்.

"இருதயராசு, உன்ற பொண்டாட்டி தலையிலயும் பட்டை இருக்குதா? பொய் சொல்லாத."

அவன் அழுதுவிட்டான். "ராவெல்லாம் புள்ள அழுதுக்கா. அவ ஒத்தையில கெடந்து சாவுதா. ஒரு நாளு அவளும் தெளிவா இருக்கட்டும்னு நான்தான் அந்த நம்பரைக் கொடுத்து, பொத்தானை வெளிய போற பக்கம் தள்ளிவிடச் சொன்னேன்."

ஜெனிட்டாவின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பச்சைக் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் எந்தக் கையால் போனை எடுப்பாள்? டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள்.

"யாருங்க?"

"நான் கவுசல்யாவோட அக்கா. அவள உனக்குத் தெரியாது கண்ணு. மொதல்ல கொழந்தையத் தொடச்சுத் தொட்டில்ல போடு. பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்புட்டு உள்ள ஒக்கார வெச்சுட்டு, நீ படுத்துக்க. அப்புறம் சொல்றேன்."

என் குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. யாரையோ "மேரியக்கா" என்று கூப்பிட்டாள். தொட்டில் கயிறு கிரீச்சிட்டது. "படுத்துட்டேன்க்கா" என்றாள்.

பட்டையைக் கழற்றினேன்.

நவநீதன் உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சரிந்தான். போனில் ஜெனிட்டாவின் மூச்சு நீளமாக இழுபட்டது. குழந்தை சிணுங்கியது. "நான் பாத்துக்கிடுதேன், நீ தூங்குளா" என்றது இன்னொரு பெண் குரல். நான் டாக்டரைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கௌசல்யா மறுநாள் காலையில் கண் திறந்தாள். பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். இவனைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்றிருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"இல்ல."

"என்னயக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்க்கா" என்றாள். "அதான் ஆத்தமாட்டாம இருக்குது." அதற்கப்புறம்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்து நாற்காலி போட்டேன். கையில் ஸ்வீட் பெட்டி, முகத்தில் நிஜமான மரியாதை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.

"மேடம், ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் தூங்க முடியும்னு இத்தன நாளா நெனச்சுட்டிருந்தோம்ங்க. நீங்க ஆறு பேருக்குத் தூங்கியிருக்கீங்க. பெங்களூர்ல அத்தன பேரும் அசந்து போயிட்டாங்க. நல்ல கட்டில், ஏசி, கூடவே ஒரு டாக்டர், எல்லாம் நாங்க பாத்துக்கறோம். இனி ஆறு டிரைவருக்கு நீங்க ஒருத்தர் தூங்குனா மத்த அஞ்சு குடும்பத்துல பொம்பளைங்க முழிச்சுட்டு நிம்மதியா இருப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பெரிய புண்ணியம்!"

நான் கத்தரிக்கோலைத் தேடினேன். தார்ப்பாய் வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல். கௌசல்யா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அலமாரியிலிருந்து பட்டையை எடுத்து வந்து அவன் முன்னால் நீட்டினாள்.

"ஆஸ்பத்திரில இருந்து வந்ததுலருந்து எனக்கு ஒரே அசதியா இருக்குதுங்க தம்பி. நீங்க இத ஒரு அரை மணி நேரம் கட்டிக்கிட்டு எனக்காகக் கொஞ்சம் தூங்குங்க. பாய் போட்டுத் தர்றேன். நான் எந்திரிச்சு வேலையப் பாக்கறேன்."

அவன் பட்டையைப் பார்த்தான். அவன் கை ஸ்வீட் பெட்டியை விட்டு நகரவில்லை. "எனக்கு... மீட்டிங் இருக்குதுங்க மேடம்" என்றான்.

"சரிங்க" என்று பட்டையை மடித்து அவன் பெட்டி மேலேயே வைத்தாள்.

அவன் எழுந்தான். அப்போது உள்ளறையிலிருந்து, வீடே அதிர்கிற மாதிரி ஒரு குறட்டை வந்தது. திடுக்கிட்டுத் திரும்பினான்.

"யாருங்க உள்ள?"

"உங்க டிரைவரு."

"இன்னுமா தூங்கறாரு? நாளைக்கு விஜயவாடா லோடு இருக்குதுங்களே! எழுப்புங்க மேடம்."

கௌசல்யா போய் அந்த அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தாள்.

"அவரு தூக்கத்த அவரேதான் தூங்கோணுங்க தம்பி. முடிஞ்சதும் எந்திரிப்பாரு."